மாமனார் வாயில் ஒரு புதுக் கிருமி

— வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே பொய் சொல்ற ஒரே ஆள் நீங்கதான் மாமா.

— ஆங்… ஹானா…

— பேசாதீங்க, கண்ணாடி உள்ள இருக்கு. தலையை மட்டும் ஆட்டுங்க. ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறீங்களா? சரி. பல்லிடுக்குக்குன்னு ஒரு குட்டி பிரஷ் குடுத்தேனே, அதை விட்டு எடுக்கிறீங்களா? சரி. சர்க்கரை மாத்திரை ஒழுங்கா உள்ள போகுதா? சரி. எல்லாமே சரின்னா, கீழ்வரிசை முன்பல் நாலும் ஏன் மறுபடி ஊஞ்சல் ஆடுது?

— ஹெரியாஹு.

— தெரியாதாம். கேட்டீங்களா லேப் அக்கா? மைதானத்துல அத்தனை பேரை மேய்க்கிற ரெஃப்ரிக்குத் தன் வாய்க்குள்ள என்ன ஆட்டம் நடக்குதுன்னு தெரியாதாம்.

— எனக்கென்ன டாக்டர், நான் எச்சில் பிடிக்கிற குழாயைப் பார்க்கிறவ. ஆனா ஒண்ணு. சாருக்குத் தெரியலைன்னாலும் குழாய்க்குத் தெரிஞ்சு போச்சு.

— கொப்பளிச்சுத் துப்புங்க மாமா.

— ரெண்டு பொம்பளைங்க இப்படி முறைச்சுப் பார்த்தா எச்சில் எப்படிம்மா வரும்? பயத்துல நாக்கு மேல ஒட்டிக்கிச்சு.

— சார், ஒரு வருஷமா உங்க எச்சிலை நான் பார்த்துக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் மூஞ்சியைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இனிமே என்ன கூச்சம்?

— அதுவும் சரிதான். ஆனா மருமகளே, என் கஷ்டத்தையும் பாரு. வீட்டுல மருமககிட்ட மாமனார் வாயைத் திறக்கவே கூடாதுன்னு ஒரு கொள்கையோட இருந்தவன் நான். இங்க வந்தா நாற்காலியில சாய்ச்சுப் போட்டு, மூஞ்சியில விளக்கைப் போட்டு, முதல் வார்த்தையே வாயைத் திறங்கங்கறே.

— கொள்கையை அப்புறம் பேசலாம். இப்ப விஷயத்துக்கு வாங்க. இந்த ஆராய்ச்சியில சேர்ந்தப்ப நான் உங்களுக்கு என்ன சொன்னேன்?

— ஏதோ சொன்னே. அறுக்குது, நாரு, எலும்புன்னு. கசாப்புக்கடை மாதிரி இருந்துச்சு.

— மறுபடி சொல்றேன், இந்தத் தடவை காதுல வாங்குங்க. பல்லை எலும்போட கட்டி வெச்சிருக்கிறது சின்னச் சின்ன நாரு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல கிருமி புகுந்ததும் உடம்பு பதறிப்போய் ஒரு நொதியை அள்ளி விடும். அந்த நொதி, கிருமியை விரட்டுறேன்னு நாரையும் சேர்த்து அறுத்துத் தள்ளும்.

— அதாவது ஃபவுல் பண்ணினவனை விட்டுட்டு நம்ம கோல்கீப்பருக்கே சிவப்பு அட்டை காட்டற மாதிரி.

— அதேதான். சர்க்கரை இருக்கிறவங்க உடம்புல அந்த அட்டையை யாரும் திரும்பப் பையில வைக்கிறதில்லை. காட்டிக்கிட்டே இருக்கும். வெளியில பார்த்தா ஈறு நல்லாத்தான் இருக்கும், உள்ள நாரு அறுந்துக்கிட்டே போகும். பல் ஆடின பிறகு டாக்டர்கிட்ட வந்தா, வீடு எரிஞ்ச பிறகு கிணறு வெட்டின கதை. அதனாலதான் எச்சில்லயும் ஈறு ஓரத்து ஈரத்துலயும் அந்த நொதி எவ்வளவு இருக்குன்னு முன்கூட்டியே அளந்து பார்க்கிறோம். பல் ஆடுறதுக்கு முன்னாடியே எச்சில் காட்டிக் குடுத்துடும்.

— கோள் மூட்டுற எச்சில்.

— ஆமா. அந்தக் கோள்தான் எங்க வேலை. நீங்க முதல்ல வந்தப்போ அது உச்சத்துல இருந்துச்சு. ஈறுக்கு அடியில ஆழமா சுத்தம் பண்ணிவிட்டேன். அடுத்த தடவை பார்த்தா சரசரன்னு கீழ இறங்கியிருந்துச்சு. சர்க்கரையும் கூடவே இறங்குச்சு. பெரிய டாக்டர்ங்க எல்லாம் கூடின கூட்டத்துல உங்க நொதி ஏறி இறங்கின கோட்டைத் திரையில போட்டுக் காட்டினேன். கை தட்டினாங்க.

— எனக்கா?

— உங்க கோட்டுக்கு.

— பேரைச் சொன்னியா?

— சொல்லக் கூடாது. நம்பர்தான்.

— வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கைதட்டல் வாங்கினேன், அதுவும் நம்பராவா? மைதானத்துல நான் வாங்கறதெல்லாம் வேற மாதிரி.

— இப்ப அந்தக் கோடு மறுபடி மேல ஏறிக்கிட்டு நிக்குது மாமா. முன்ன இருந்ததைவிட மேல. நான் முதல்ல, மனுஷன் சோம்பேறித்தனமா பல் தேய்க்காம விட்டுட்டார்னுதான் நினைச்சேன். இந்தக் குடும்பத்துல சோம்பேறித்தனம் புதுசில்லையே, உங்க பிள்ளை ஒருத்தர் போதாதா? ஆனா லேப் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. சொல்லுங்கக்கா.

— எனக்கென்ன, சொல்றேன். சார், கிருமியிலயும் வம்சம் உண்டு. எல்லாத்துக்கும் ஒரே பேரு, ஆனா வேற வேற குடும்பம். அதோட மரபணுவைப் படிச்சுப் பார்த்தா எந்தக் குடும்பம்னு தெரிஞ்சிடும். முதல்ல உங்க வாயில குடியிருந்தது ஒரு குடும்பம். டாக்டர் அதை வேரோட காலி பண்ணிட்டாங்க. இப்ப இருக்கிறது அந்தப் பழைய குடித்தனம் இல்லை. வேற ஆளு. புதுசா வந்தவங்க.

— வாடகைக்கா?

— வாடகையும் குடுக்கலை, அனுமதியும் வாங்கலை.

— நான் கேக்கிறது ஒரே கேள்விதான் மாமா. எங்கேர்ந்து வந்துச்சு?

— விசில்!

— என்னது?

— விசில்தாம்மா. பாதி ஆட்டத்துல மேசை மேல வெச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போவேன். எவனாவது எடுத்து ஊதியிருப்பான். ரெஃப்ரி விசிலைப் பார்த்தா எல்லாருக்கும் வாய் துறுதுறுங்கும். அந்த விசில்லேர்ந்துதான். கேஸ் முடிஞ்சுது. நாற்காலியை நிமித்து.

— நிமித்த மாட்டேன். இந்தக் கிருமி ஈறுக்கு அடியில, காத்துப் படாத பொந்துல வாழ்றது. காத்துப் பட்டா அதுக்கு ஆகாது. வெயில்ல கிடந்த விசில்ல உக்காந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காது.

— அப்போ தண்ணி பாட்டில்.

— அண்ணாந்துதானே குடிக்கிறீங்க? வாய் வெச்சுக் குடிக்கிறவனைப் பார்த்தா ஆட்டத்தை விட்டே வெளியேத்திடுவீங்கன்னு ஊரே சொல்லுது.

— அப்போ உன் புருஷன். என் பிரஷ்ஷை எடுத்துத் தேய்ச்சிருப்பான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு எது யாரோடதுன்னு தெரியாது.

— அவரைப் போன வாரமே துப்ப வெச்சுட்டேன். நானும் துப்பினேன். எங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குடும்பம் இல்லை. வீட்டுக்குள்ளேர்ந்து வரலை மாமா. இது வெளியிலேர்ந்து வந்தது.

— வெளியில எவ்வளவோ இருக்கு. தூசு, புகை…

— தூசுல வராது. புகையில வராது. இது எச்சில்லேர்ந்து எச்சிலுக்கு வர்றது. பேசாம புரிஞ்சுக்குங்களேன், நான் இதை எப்படிச் சொல்றது? நீங்க எனக்கு மாமனார்.

— நான் சொல்லட்டுமா டாக்டர்?

— வேணாங்கக்கா, நானே சொல்றேன். வாயிலேர்ந்து… வாய்க்கு.

— முதலுதவி.

— என்ன முதலுதவி?

— ஒரு பையன் மைதானத்துல மயங்கி விழுந்துட்டான். மூச்சு இல்லை. நான்தான் வாயில வாய் வெச்சு ஊதினேன். உயிர் பிழைச்சான். பெருமைக்குச் சொல்லலை, நீ கேட்டதால சொல்றேன்.

— எப்போ?

— அது… மழைக்கு முன்னாடி.

— ஒரு தடவை ஊதினா இது வந்து குடியேறாது மாமா. திரும்பத் திரும்ப ஊதணும். மாசக்கணக்கா ஊதணும். அந்தப் பையன் தினமும் மயங்கி விழறானா?

— பலவீனமான பையன்மா.

— அக்கா சிரிக்காதீங்க, குழாய் கீழ விழப்போகுது.

— எனக்கென்ன டாக்டர், நான் இருமினேன்.

— எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன் நீங்க. என் கல்யாணத்துக்கு வாங்கின பட்டுச் சட்டையை இன்னும் மடிப்பு கலையாம வெச்சிருக்கிற ஆளு. இப்ப எச்சிலையே பங்கு போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க. யார் அவங்க?

— எவங்க?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க தோட்டத்தையே மறைக்கப் பார்க்கிறீங்க. மருந்துக்கடை அம்மாவா?

— அந்தம்மாவா! எனக்கு மாத்திரை குடுக்கிறப்போ கையுறை போட்டுக்கிட்டுத்தான் குடுக்கும்.

— அப்போ காலையில உங்ககூட நடக்க வர்ற ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்.

— அந்தம்மா இன்னைக்கும் என்னைப் பார்த்தா வரிசையில நில்லுன்னுதான் சொல்லும். வரிசையில நிக்கிறவனுக்கு யாரும்மா முத்தம் குடுப்பாங்க?

— ஆ! அந்த வார்த்தையை நான் சொல்லலை. நீங்களே சொல்லிட்டீங்க.

— உதாரணத்துக்குச் சொன்னேன்.

— டாக்டர், விளையாட்டுச் சங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற அம்மா ஒருத்தர் இருக்காங்கல்ல, சாருக்கு டீ வாங்கிக் குடுத்ததா கேள்வி…

— யம்மா லேப்பம்மா, நீ குழாயைப் பாரும்மா! உன்னைக் கேட்டாங்களா?

— எனக்கென்ன சார்.

— இந்த வயசுல இது தேவையா மாமா? எங்கம்மாவைப் பாருங்க. எங்கப்பா போய் எத்தனை வருஷம் ஆச்சு. தான் உண்டு, தன் டிவி உண்டு, ஜன்னல் ஓரத்துச் செடி உண்டுன்னு எப்படி இருக்காங்க! அவங்களுக்கும் உங்க வயசுதானே? ஒரு ஆசாபாசம் உண்டா, ஒரு… மாமா! என்ன, புரையேறிடுச்சா? தண்ணி குடிங்க. மெல்ல. மெல்ல.

— ஒண்ணு… ஒண்ணுமில்லை. எச்சில் குறுக்க போயிடுச்சு.

— அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— சம்பந்தியம்மாவை நீ எப்ப பார்த்தேம்மா?

— ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணினேன். இல்லை, அதுக்கு முந்தின ஞாயிறா? அது எதுக்கு இப்போ? பேச்சை மாத்தாதீங்க. இதோ பாருங்க, நான் உங்களை வம்புக்காகக் கேக்கலை. எனக்கு உங்க காதல் கதை தெரிய வேண்டாம், தெரிஞ்சா என்னால தூங்க முடியாது. எனக்கு வேண்டியது அவங்க வாய்.

— என்னம்மா பச்சையா பேசறே.

— டாக்டரா பேசறேன். இன்னொரு தடவை உங்களுக்கு ஆழமா சுத்தம் பண்ணுவேன். கிருமி போகும். நீங்க இங்கேர்ந்து நேரா அவங்ககிட்டப் போவீங்க. அது மறுபடி வரும். உங்களுக்குக் கீழ்வரிசையில எலும்பு ஏற்கெனவே பாதி இல்லை. அடுத்த தடவை சுத்தம் பண்றதுக்கு அங்க பல்லு இருக்காது. நாலையும் எடுத்துட வேண்டியதுதான்.

— நாலுமா?

— நாலும். சர்க்கரையும் ஏறும். ஈறு கெட்டா சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஒண்ணை ஒண்ணு தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடும்.

— முன்பல் இல்லைன்னா விசில்…

— ஊதினா காத்து வரும். கூடவே விசிலும் வெளியில வந்து விழும்.

— பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்கு ஆட்டமே போயிடும் போலிருக்கே. ஏம்மா, பொய்ப்பல் கட்டிக்கிட்டு ஊதக் கூடாதா?

— ஊதலாம். பெனால்ட்டி குடுக்கிறப்போ விசிலுக்கு முன்னாடி பல்செட்டு கோல் போஸ்ட்டுக்குள்ள போயிடும். கோல்னு ஒத்துக்குவீங்களா?

— சிரிக்காதே. வயித்தெரிச்சல்.

— அதனாலதான் சொல்றேன். ரெண்டு பேரையும் ஒரே சமயத்துல சுத்தம் பண்ணினாதான் இது போகும். ஒருத்தரை மட்டும் பண்றது, ஓட்டைப் படகுல ஒரு பக்கம் உக்காந்து தண்ணி இறைக்கிற மாதிரி.

— ஏம்மா… அப்போ அவங்களுக்கும் பல்லு போயிடுமா?

— பிடிச்சேன்! ‘அவங்களுக்கும்’னு சொன்னீங்க. அக்கா, கேட்டீங்கல்ல?

— கேட்டேன் டாக்டர். தெளிவா கேட்டுச்சு.

— போகுமான்னு கேட்டேன். பதில் சொல்லு.

— பார்த்தாத்தான் சொல்ல முடியும். ஈறுல ரத்தம் வருதா அவங்களுக்கு?

— ஆப்பிள் கடிச்சா அதுல சிவப்பா ஒரு கோடு விழும். லிப்ஸ்டிக்குன்னு நினைச்சேன்.

— லிப்ஸ்டிக் போடுவாங்களா?

— போட மாட்டாங்க. அதான் குழம்பிப் போனேன்.

— சர்க்கரை இருக்கா?

— சோதிச்சதே இல்லையாம். ஆனா தண்ணி குடம் குடமா குடிப்பாங்க. ராத்திரியில நாலஞ்சு தடவை எழுந்து பாத்ரூம் போவாங்க.

— ராத்திரியில எழுந்து போறது உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?

— ஃபோன்லம்மா! ஃபோன்ல பேசிக்கிட்டிருக்கிறப்போ இருங்க வர்றேன்னு போவாங்க! நீ என்னை என்னன்னு நினைச்சே?

— சார், கத்தாதீங்க, பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு மரத்துப் போக ஊசி போட்டிருக்காங்க. பயந்துடுவார்.

— மாமா, இப்ப நான் விளையாட்டுக்குச் சொல்லலை. தாகம், அடிக்கடி பாத்ரூம், ஈறுல ரத்தம், வயசும் ஆச்சு. எனக்கென்னவோ அவங்களுக்குச் சர்க்கரை இருக்கும்னுதான் படுது. யாரும் கவனிக்காமயே ஏறிக்கிட்டிருக்கும். எடை குறைஞ்சிருக்காங்களா?

— புடவை ஜாக்கெட்டை எல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்தாங்க. இளைச்சுட்டேன் பாருங்கன்னு சந்தோஷமா சொன்னாங்க. நானும் சந்தோஷமா பார்த்தேன்.

— சந்தோஷப்படற விஷயமா இது! நாளைக்கே கூட்டிக்கிட்டு வாங்க.

— அதுலதாம்மா சிக்கல்.

— என்ன சிக்கல்? இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நம்பர்தான் போடுவோம். எனக்குப் பேர்கூட வேண்டாம்.

— உனக்கு அவங்களைப் பத்தித் தெரியாது. அதாவது… அவங்க யாருன்னு தெரியாது. ரொம்ப அடக்கமா இருக்கிற மாதிரி இருப்பாங்க. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். பார்த்தா ஒரு வணக்கம், நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் நான் ஒரு ஆட்டத்துல பெனால்ட்டி குடுத்தேன். கொஞ்சம் தப்பான பெனால்ட்டிதான். பின்னாடியிலேர்ந்து ஒரு குரல்: ‘யோவ் ரெஃப்ரி, கண்ணை அடகு வெச்சுட்டா வந்தே?’ யாருடா அதுன்னு திரும்பிப் பார்த்தா, அவங்க! காத்து வாங்க வந்தாங்களாம். நான் யாருன்னு தெரியாம கத்திட்டு, தெரிஞ்சதும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. அந்த வாயைத்தாம்மா…

— போதும் மாமா. அதுக்கு மேல வேண்டாம்.

— எனக்கென்ன, நீங்க சொல்லுங்க சார்.

— அக்கா!

— அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தாங்க. என்னைத் திட்டுறதுக்குன்னே வந்தாங்க. என்ன திட்டு! சில வார்த்தையை நான் வீட்டுக்கு வந்து தனியா யோசிச்சுத்தான் அர்த்தம் கண்டுபிடிச்சேன். அத்தனை நாளும் அதையெல்லாம் எங்கதான் பூட்டி வெச்சிருந்தாங்களோ. பைக்ல பின்னாடி ஏத்திக்கிட்டுப் போனா கையை விரிச்சுக்கிட்டு வருவாங்க.

— கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவை ஸ்கூட்டர்ல ஏத்தினா கண்ணை மூடிக்கிட்டு என் தோளைப் பிய்ப்பாங்க.

— உன்கூட வர்றப்போ அப்படித்தான் வருவாங்க.

— என்ன சொன்னீங்க?

— நீ வேகமா ஓட்டுவியேம்மா. அதைச் சொன்னேன்.

— உங்க பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா?

— தெரியும்.

— தெரியுமா!

— அவன்கிட்டதான் முதல்ல சொன்னேன். எனக்கு ஆட்சேபணை இல்லைப்பான்னான். கல்யாணம் பண்ணிக்கிறதுன்னா பதிவு ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போடறேன்னுகூடச் சொன்னான். ஆனா என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லிக்குங்க, எனக்குப் பல்லு வேணும்னுட்டான்.

— இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவருக்கு இருக்கு! அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரே வீட்டுல இருக்கிற எனக்கு மட்டும் எச்சில் மூலமாத்தான் சேதி வரணுமா? நான் என்ன, உங்க வாயை அடைச்சுடுவேனா? அத்தை போனப்புறம் நீங்க தனியா சாப்பாட்டை வெச்சுக்கிட்டு சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது எனக்குத் தெரியாதா? ஒரு துணை வந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?

— நிஜமாவா சொல்றே?

— நிஜமாத்தான். முதல்ல கொஞ்சம் கத்துவேன். அது என் வழக்கம். அப்புறம் அவங்களையும் நாற்காலியில உக்கார வெச்சு வாயைத் திறங்கன்னு சொல்லிடுவேன்.

— நீ சொல்லிட்டே. அது பெரிய விஷயம். ஆனா அவங்க பக்கத்துலதான் நிக்குது.

— அவங்க பக்கத்துல என்ன?

— ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லாம எதுக்கும் வர மாட்டேங்கிறாங்க. கல்யாணத்துக்கும் வர மாட்டாங்க, பல் டாக்டர்கிட்டயும் வர மாட்டாங்க. அவளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாளோ, இந்த வயசுல இந்தக் கூத்தான்னு கேப்பாளோன்னு பயம்.

— பெத்த பொண்ணுக்குப் போய்ப் பயப்படறதா? அவ என்ன புலியா?

— கொஞ்சம் அப்படித்தான். நல்ல பொண்ணு. ஆனா பாய்ஞ்சா பாய்ச்சல்தான்.

— ஒரு தாய் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணி குடிக்கிறாங்க, துணியெல்லாம் தொளதொளன்னு ஆகுது, ஈறுல ரத்தம் வருது. ஒண்ணுகூடக் கண்ணுல படலைன்னா அவ என்ன பொண்ணு மாமா? வெளியூர்லயா இருக்கா?

— உள்ளூர்தான். கூப்பிடு தூரம்.

— அப்போ கண்ணு தெரியாதா?

— வேலைம்மா. எப்பவும் வேலை. வந்தா நின்னுக்கிட்டே பேசிட்டுப் போவா. அவங்களும் அவகிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க. அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் தலைவலி, என் வாயை வேற காட்டணுமான்னுவாங்க.

— பெரிய வேலை! தாயைப் பார்க்க முடியாத வேலை என்ன வேலை? எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது.

— சார்… அந்தப் பொண்ணுக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?

— இன்னும் சொல்லலைம்மா.

— சொல்லாதீங்க சார்.

— ஏங்கக்கா சொல்லக் கூடாது? சொல்லட்டும். நானே போய் அவளை நாலு வார்த்தை கேக்கறேன்.

— டாக்டர், நீங்க கொஞ்சம் உக்காருங்களேன். தண்ணி கொண்டு வரவா?

— எனக்கு எதுக்கு தண்ணி? உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? குழாயைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க பாருங்க.

— எனக்கென்ன டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லை.

— மாமா, இதைக் கேளுங்க. அந்தப் பொண்ணு இடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா? முதல்ல எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவேன். ரத்தம், எச்சில், ஈறு எல்லாத்தையும் சோதிப்பேன். அப்புறம் அவங்க யாரைப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்களோ அவரோட சேர்த்து வெச்சுட்டு, நான் என் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போவேன்.

— அந்த ஆள் யாரா இருந்தாலுமா?

— யாரா இருந்தா என்ன? உங்களை மாதிரி அரைப் பல்லு ரெஃப்ரியா இருந்தாக்கூடப் பரவாயில்லை. அம்மாவைச் சிரிக்க வைக்கிற ஆளா இருந்தாப் போதும். எங்கப்பா போனதிலேர்ந்து எங்கம்மா சத்தம் போட்டுச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.

— நான் பார்த்திருக்கேம்மா… அவங்க சிரிச்சு. மைதானமே திரும்பிப் பார்க்கும்.

— பின்ன என்ன? நேரா அந்தப் பொண்ணுகிட்டயே போங்க. சுத்தி வளைக்காதீங்க. ‘அம்மா, உங்கம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு, அவங்க உடம்பு சரியில்லை, நீ சரின்னு சொன்னாத்தான் வைத்தியத்துக்கே வருவாங்க, என்ன சொல்றே’ன்னு மூஞ்சிக்கு நேரா கேளுங்க.

— அவ கத்துவாளே.

— கத்தட்டும். கத்தி முடிச்சதும் கேளுங்க.

— டாக்டர்… வேணாம் டாக்டர்…

— நீங்க சும்மா இருங்கக்கா! இவர் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தா அங்க ஒரு மனுஷிக்குச் சர்க்கரை ஏறிக்கிட்டிருக்கு. அந்தப் பொண்ணு என்ன, வெட்டியா சாய்ச்சிடப்போறா? இன்னைக்கே போய் அவளைக் கேளுங்க மாமா!

— அவளைத்தாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்.